மின்சாரம் திரும்பும்போது எழ வேண்டிய திரைகள்



ஒரு லினக்ஸ் கணினியின் திரையை வேறோர் ஊரிலிருந்து வலையமைப்பு வழியே கண்டு இயக்க உதவும் ஏற்பாடு தொலைத்திரைச் சேவை எனப்படும். விழுப்புரத்தில் ஒரு சேவையகத்தை நிறுத்தி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்தில் பழைய கணினிகளின் முன் அமரும் மாணவர்களுக்கும் அதன் ஆற்றலைப் பகிர்ந்தளிக்க முடிவது இதனால்தான். ஆனால் சேவையகம் தொடங்கும்போதே, எவரும் அதன் முன் அமராமல், ஒவ்வொருவரின் திரையும் தானே எழுந்தால்தான் அந்த ஏற்பாடு நிலைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய நாளில் மின்சாரம் திரும்பும் நேரத்தில் சேவையகத்தின் அருகே எவரும் இருக்கமாட்டார் என்று கொண்டே நிர்வாகி திட்டமிட வேண்டும்.

இவ்வகைச் சேவைகளுள் பரவலாக அறியப்பட்ட வி.என்.சி., 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் உருவானது. இதில் ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் உண்டு. 5900உடன் அந்த எண்ணைக் கூட்டினால் வருவதே அத்திரைக்குரிய போர்ட், அதாவது இணைப்பு வந்து சேரும் வாயில். எனவே முதல் திரை 5901இலும் இரண்டாம் திரை 5902இலும் காத்திருக்கும். வி.என்.சி.யின் ஒரு வடிவமான டைகர் வி.என்.சி.யின் அண்மைப் பதிப்புகளில் எந்த எண் எந்தப் பயனருக்கு உரியது என்பதை ஒரு சிறு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவிட்டு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி மேற்பார்வையிடும் சிஸ்டம்டியிடம் ஒவ்வோர் எண்ணையும் தனிச் சேவையாக ஒப்படைத்தால், ஒரே வார்ப்பிலிருந்து பல திரைகள் எழுகின்றன. முதல் வரியில் நூலகர், இரண்டாம் வரியில் கணக்காளர் என்று எழுதப்பட்டிருந்தால், ஒருவரது திரை முடங்கும்போது அதை மட்டும் மீண்டும் தொடங்கலாம். மற்றவரின் வேலை தடைபடாது.

இளம் நிர்வாகிகள் பெரும்பாலும் வழுக்கும் இடம், திரை எவர் பெயரில் எழுகிறது என்பதிலேயே இருக்கிறது. கணினி தொடங்கும்போது ஓடும் பழைய கட்டளைக் கோப்பில் ஒரே வரியைச் சேர்த்தால், சேவை ரூட் எனப்படும் முழு அதிகாரக் கணக்கின் பெயரில் எழுகிறது. வேலை முடிந்ததாகத் தோன்றினாலும், அத்திரையைத் திறக்கும் எந்த மாணவரும் சேவையகம் முழுவதையும் அழிக்கும் உரிமையைப் பெற்றுவிடுகிறார். இது பொறுக்கத்தக்க பிழையன்று. கடவுச்சொல்லையும் அவரவர் தம் கணக்கில் நுழைந்தே அமைக்க வேண்டும். நிர்வாகி ரூட் கணக்கிலிருந்து அமைத்தால் அது ரூட்டின் அடைவில் போய்ச் சேர, உரிய பயனரின் சேவை கடவுச்சொல்லைக் காணாமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். வழக்கமான வி.என்.சி. கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படுவதால், அதை மட்டும் நம்பிப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடலாகாது. சேவையகத்துக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி அமைத்து, திண்டிவனத்திலிருந்து வருவோரை எஸ்.எஸ்.எச். என்னும் மறையாக்கப்பட்ட வழியாக அழைத்துவருவதே தகும்.

தொடக்கத்திலேயே எழும் ஒவ்வொரு திரையும் எவரும் பார்க்காதபோதும் நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐம்பது மாணவர் முறைவைத்து வரும் ஆய்வகத்துக்கு, ஒருவர் நுழையும்போது மட்டும் அவருக்கான திரையை உருவாக்கும் எக்ஸ்.ஆர்.டி.பி. என்னும் மற்றொரு தொலைத்திரைச் சேவை பொருந்தும்; இரவிலும் தொடரும் பணியுடைய சிலருக்கே நிலையான வி.என்.சி. திரை வேண்டும்.

ஐயம் எழுந்தால் தனியே உழல வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடம் கொண்டுசெல்லும் க்னூ/லினக்ஸ் பயனர் குழு விழுப்புரத்திலேயே இயங்குகிறது.

சேவையகத்தை ஒப்படைப்பதற்கு முன், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முந்தைய ஒரு விடுமுறை நாளில், அதை முறையாக நிறுத்தி மின்னிணைப்பையும் துண்டித்து, பிறகு இணைப்பை மட்டும் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி பயாஸ் எனும் தொடக்க அமைப்பில் அமைக்கப்படாத கணினி அப்படியே கிடக்கும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் கடவுச்சொல் கேட்டு நிற்கும். பயனர்களின் அடைவுகள் வேறொரு கணினியில் இருந்தால், அவை வந்து சேருமுன் எழுந்த சேவை விழுந்துவிடும். விசைப்பலகையைத் தொடாமல், திண்டிவனத்திலிருந்து ஒவ்வொரு பயனரின் திரையும் திறக்கிறதா என்று சரிபார்த்த பின்னரே இளம் நிர்வாகி ஒப்படைப்பு ஆவணத்தில் கையொப்பமிட வேண்டும்.