பணம் கேட்பவரின் உரிம எண் என்ன?

கேள்வி: நான் தனியார் நிறுவனத்தில் கணக்காளர். கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சிக்கு 2,40,000 ரூபாய் கட்டினேன். அதில் 90,000 ரொக்கம்; ரசீது தரவில்லை. அதற்கான 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' இணைய முறையில் புரொஃபைல் போட்டதாகச் சொன்னார்கள். பாஸ்வேர்டு அவர்களிடமே இருக்கிறது. அனுபவச் சான்றிதழையும் 'நாங்களே ரெடி பண்ணிக்கிறோம்' என்றார்கள். நெடுநாள் காத்திருந்தும் விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வரவில்லை. பணத்தைக் கேட்டால், 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற ஒப்பந்த வரியைக் காட்டுகிறார்கள். இப்போது வேறொருவர் 75,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? பழைய பணம் கிடைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பணம் வாங்குபவருக்கு ஆலோசனை சொல்ல உரிமம் உண்டா?

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 91-ன்படி, அந்நாட்டு வழக்கறிஞர் அமைப்புகளின் உறுப்பினர்களும், கியூபெக் நோட்டரிகளும், 'காலேஜ் ஆஃப் இமிகிரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்' அமைப்பில் உரிமம் பெற்றவர்களுமே கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லலாம். புரொஃபைல் போடும் கட்டத்துக்கும் இது பொருந்தும். அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரையோ உரிம எண்ணையோ போட்டு இலவசமாகச் சரிபார்க்கலாம். அலுவலகச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் ஜி.எஸ்.டி. சான்றிதழ் இந்த உரிமம் ஆகாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப நம் வெளியுறவுத் துறை தரும் பதிவும் ஆகாது.

கணக்காளராக இருந்துகொண்டு 90,000 ரூபாயை ரசீது இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் பெயரில் போன புரொஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. சான்றிதழை அவர்கள் 'ரெடி' செய்தார்கள் என்றால் அது யார் கையெழுத்து? அதில் பொய் இருந்து விண்ணப்பமும் போயிருந்தால், அதே கனடாச் சட்டத்தின் பிரிவு 40-ன்படி 5 ஆண்டுத் தடை விழுவது உங்கள் மேல். கன்சல்டன்சி மேல் அல்ல. பணம் கட்டிய தேதி, திருப்பித் தர மறுத்த தேதி இரண்டையும் கடிதத்தில் எழுதவில்லை. வழக்கே அந்தத் தேதிகளில்தான் நிற்கிறது.

காரணம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 69-ன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். தாண்டிவிட்டால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையம் அதை ஏற்றே தீரும் என்று சொல்வதற்கில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 'திருப்பித் தரப்படாது' என்ற வரி ஒன்றே உங்கள் கதவை அடைத்துவிடாது. உரிமம் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றியதோ, சொன்ன வேலையைச் செய்யாததோ நிரூபணமானால் அது சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் அழைப்பு வரவில்லை என்பது மட்டும் குறைபாடு ஆகாது. அது மதிப்பெண்ணைப் பொறுத்தது. வங்கி வழியாகப் போன 1,50,000-க்கு ஆதாரம் உண்டு. ரொக்கத்துக்கு, வாட்ஸ்அப்பில் அவர்கள் ஒப்புக்கொண்ட வரி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

புதியவருக்கு இப்போது ஒரு ரூபாயும் தர வேண்டாம். முதலில் பாஸ்வேர்டையும், உங்கள் பெயரில் அனுப்பிய எல்லாவற்றின் நகலையும் ஸ்பீட் போஸ்ட்டில் எழுதிக் கேளுங்கள். ஆலோசகர் வைத்தே தீர வேண்டும் என்று கனடா சொல்லவில்லை. வைத்தால் முன்னுரிமையும் கிடையாது. வைப்பதானால், உரிம எண் உள்ளவரின் பெயரிலேயே ஒப்பந்தம் போடுங்கள்.

உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எழுதிய பொதுவான பதில் இது. ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பதிவுகளோடு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸை அவர் வழியாக அனுப்புங்கள்.