ஆட்டத்தில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது?

தொடக்கப் பள்ளியில் ஆங்கிலப் பாடவேளையின்போது பிள்ளைகள் எழுந்து ஓடினால், அதைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் நம்மிடம் உண்டு. விளையாட்டு என்பது பாடம் முடிந்தபின் கடைசிப் பத்து நிமிடத்துக்குக் கொடுக்கும் பரிசு, அதில் படிப்பு எதுவும் நடப்பதில்லை என்பது ஒன்று. பிள்ளைகள் உற்சாகமாக இருந்தாலே போதும், எந்த ஆட்டமானாலும் மொழி தானாக வந்துவிடும் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கையைப் பெற்றோரிடம் அதிகம் கேட்கலாம். இரண்டாவதை விளையாட்டுவழிக் கல்வியை ஆர்வத்தோடு ஆதரிப்பவர்களிடம் கேட்கலாம். என் பார்வையில் இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன. இரு தரப்பாரும் ஓடுகிற காலைப் பார்க்கிறார்கள். அந்தக் கால் எதைக் கேட்டு நகர்ந்தது என்று பார்ப்பதில்லை.

1960களில் அமெரிக்காவின் சான் ஹோசேயில் பணியாற்றிய உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் ஒரு முறையைச் சோதித்தார். எழுந்து நில், நட, திரும்பு என்ற கட்டளைகளை ஜப்பானிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் கேட்டவர்கள் அதன்படியே செய்தார்கள். பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. உட்கார்ந்து பார்த்தவர்களைவிட, செய்தவர்களே கேட்டதை நன்றாகப் புரிந்து நினைவில் வைத்திருந்தார்கள். அப்படியானால் உடம்பு அசைந்தால் போதுமா? 2015இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது. ஆஸ்திரேலியாவின் மழலையர் பள்ளிகளில் குழந்தைகளுக்கு இத்தாலியச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு குழு சொல்லின் பொருளையே உடம்பால் செய்துகாட்டியது. இன்னொரு குழுவும் அதே அளவு உடற்பயிற்சி செய்தது. ஆனால் அந்த அசைவுக்கும் சொல்லுக்கும் தொடர்பில்லை. ஒரு குழு உட்கார்ந்தபடி சைகை மட்டும் காட்டியது, மற்றொன்று வழக்கம்போல் உட்கார்ந்து கற்றது. அதிகம் கற்றது பொருளை உடம்பால் நடித்த குழுதான். சொல்லின் பொருளும் உடலின் அசைவும் ஒன்றானபோதுதான் முழுப் பலன் கிடைத்திருக்கிறது.

ஆகவே எந்த ஆட்டத்தையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: ஆங்கிலமே தெரியாத பிள்ளை இதில் ஜெயிக்க முடியுமா? ஆங்கிலப் பாட்டை ஒலிக்கவிட்டு நாற்காலிப் போட்டி நடத்தினால் முடியும். பாட்டு நிற்பது தெரிந்தால் போதும். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அது ஆங்கில வகுப்பு ஆகாது. அதே பிள்ளையிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து ‘ஆன் த டேபிள்’, ‘அண்டர் த டேபிள்’, ‘பிஹைண்ட் த டோர்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லி ஓடி வைக்கச் சொல்லுங்கள். மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று தமிழ் இடத்தைப் பெயருக்குப் பின்னால் சொல்கிறது. ஆங்கிலம் முன்னால் சொல்கிறது. அந்தச் சின்னச் சொல்லைத் தவறவிட்ட பிள்ளை புத்தகத்தைத் தவறான இடத்தில் வைக்கும். ஒலி விஷயத்திலும் இதே கதைதான். மேலங்கிக்கான ஆங்கிலச் சொல்லையும் ஆட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கோட்’. பேரிக்காயும் கரடியும் ‘பேர்’. நம் எழுத்துக்கு அந்த ஒலி வேறுபாடு தேவைப்படவில்லை, ஆங்கிலத்துக்குத் தேவைப்படுகிறது. கரும்பலகையில் எழுதி இதை எவ்வளவு விளக்கினாலும் காதில் ஏறாது. ஒரு சுவரில் ஆட்டின் படம், எதிர்ச்சுவரில் மேலங்கியின் படம். சொல்லைக் கேட்டதும் சரியான சுவருக்கு ஓட வேண்டும் என்று வைத்தால், காது பழகியே ஆக வேண்டும். ஆசிரியருக்கே உச்சரிப்பில் தயக்கம் இருந்தால் பதிவுசெய்த ஒலியைப் பயன்படுத்துவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு: நாற்பது பேர் ஓடும்போது நான்கு பேர்தான் சொல்லைக் கேட்டு ஓடுகிறார்கள், மற்றவர்கள் அந்த நால்வரைப் பார்த்து ஓடுகிறார்கள். உண்மைதான். சில சுற்றுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சைகையால் மட்டும் பதில் சொல்ல வைத்தால் யார் கேட்டார், யார் பார்த்தார் என்பது தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய குறை, தவறு செய்தால் வெளியேற்றும் வழக்கம். ‘சைமன் சேஸ்’ என்று தொடங்கும் கட்டளைகளை மட்டும் செய்ய வேண்டிய ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பிள்ளை. யாருக்கு அதிகப் பயிற்சி வேண்டுமோ அந்தப் பிள்ளை மூலையில் உட்கார, ஏற்கெனவே தெரிந்தவர்கள் மேலும் ஆடுகிறார்கள். இந்த ஒரு விதியை மட்டும் நம் வகுப்பறைகளிலிருந்து அறவே நீக்க வேண்டும். தவறினால் புள்ளி குறையட்டும், ஆட்டத்தில் இடம் பறிபோகக் கூடாது.

கட்டளைக்கு ஓடத் தெரிந்தால் பேசவும் எழுதவும் வருமா, தேர்வில் மதிப்பெண் வருமா என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. ஆஷரின் முறை கேட்டுப் புரிவதற்கு நல்ல அடித்தளம். அதற்கு மேல் அது மட்டும் போதாது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகள் பல ஆண்டுகள் அந்த மொழியைக் கேட்டும், பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீங்கவில்லை என்று கண்ட ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன், மொழியைத் தானே ஆக்கிச் சொல்லும் தேவையும் மாணவருக்கு வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். அந்தத் தேவையையும் ஆட்டத்துக்குள் வைக்க முடியும். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏற்ற ஓட்டச் சொல்வதெழுதல் அப்படிப்பட்டது. ஒரு சிறு பத்தியைச் சுவரில் ஒட்டிவிட்டு, இருவர் இருவராகப் பிரிக்க வேண்டும். ஒருவர் ஓடிப்போய் ஒரு வாக்கியத்தைப் படித்து, மனத்தில் தாங்கி வந்து சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டு எழுத வேண்டும். மறந்தால் மறுபடி ஓட வேண்டும். பாதியில் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். வாசிப்பு, நினைவு, பேச்சு, கேட்டல், எழுத்து ஐந்தும் அதில் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னால் நீண்ட நாள் நிற்கும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். மதிப்பெண் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ஓடியாடும் சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இப்படிக் கற்பித்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பவே கற்பிக்க வேண்டும் என்ற கருத்தைப் போதிய சான்று தாங்கவில்லை என்று 2008இல் உளவியலாளர் ஹரல்ட் பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் முடிவுசெய்தார்கள். அமைதியான பிள்ளைக்கும் ஆட்டம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. செய்து கற்பது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. ஆட்டத்துக்கான இடத்தைத் துணிந்து மாற்றுவதுதான் மிச்சம். தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாடவேளையின் தொடக்கத்துக்குக் கொண்டுவரவும், பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தவும் ஆங்கில ஆசிரியருக்கு அனுமதி கொடுங்கள். பக்கத்து வகுப்புக்குக் கொஞ்சம் சத்தம் கேட்கும். அது ஆங்கிலமாக இருக்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.