அடைத்த பல்லில் சோறு சிக்குகிறதா?



கொழுந்தெடுக்கும் தங்கச்சி ஒருவர் ஒருநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, அடைச்ச பல்லுப் பக்கத்துல தினமும் சோறு சிக்குது. முரசு வீங்கி இரத்தமும் வருது. ஒரு துண்டு எழுதித் தாங்க, புடுங்கிட்டு வந்துர்றேன்" என்றார். "அவசரப்படாதே, முதல்ல டொக்டர்கிட்ட காட்டு" என்று அனுப்பினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பல்லில் குற்றமில்லை. அடைப்புத்தான் ஓரத்தில் பிதுங்கி நின்றது.

இது அந்தத் தங்கச்சிக்கு மட்டும் வந்த கதை அல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 1990 இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அடைக்கப்பட்ட பற்பரப்புகளில் 100 க்கு 25 முதல் 76 வரை இப்படிப் பிதுங்கியிருப்பதாக மதிப்பிட்டது.

எந்த இடத்தில் வரும்?

பெரும்பாலும் கடைவாய்ப் பற்களில், இரண்டு பல் ஒட்டி நிற்கும் பக்கத்தில், முரசை ஒட்டிய அடி ஓரத்தில் வரும். அந்த இடம் கண்ணுக்கும் எட்டாது, பிரஷுக்கும் எட்டாது.

ஏன் வருகிறது?

சூத்தை பல்லின் பக்கச் சுவரைத் தின்றுவிட்டால் அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்காகப் பல்லைச் சுற்றி மெல்லிய தகட்டுப் பட்டி போட்டு, இடுக்கில் சின்ன ஆப்பு வைத்து இறுக்குவார்கள். சீமெந்து போடும்போது பலகையை இறுக்கி அடிக்காவிட்டால் அடியில் பிதுங்கும் அல்லவா? அதே மாதிரித்தான் இதுவும். வெள்ளி நிற அடைப்பிலும் வரும், வெள்ளை அடைப்பிலும் வரும். சில வேளை சுவர் குறைவாகக் கட்டப்பட்டு, பக்கத்துப் பல்லைத் தொடாமல் இடைவெளி விழும். அதிலும் சோறு இறங்கும்.

விட்டால் என்ன?

பிதுங்கிய இடத்தில் அழுக்கு தங்கும். முரசு வீங்கும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், அடைப்பின் அடியில் மறுபடி சூத்தை விழும். அழுக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் ஆட்களே சாட்சி. 1970 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களுடன் ஓர் ஆய்வு தொடங்கி 1985 வரை நடந்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய 100 க்கு 11 பேருக்குத்தான் முரசு நோய் முற்றவில்லை. மற்றவர்களுக்கு மெதுவாகவோ வேகமாகவோ முற்றிக்கொண்டே போனது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. தினமும் ஒரே இடத்தில் சோறு சிக்குதல்.
2. அந்த இடத்து முரசில் இரத்தம், கெட்ட வாடை.
3. பல்லிடை நூல் விட்டால் சிக்குதல் அல்லது பிய்ந்து வருதல்.

இப்படி இருந்தால் ஊசி, ஈர்க்கு, சேப்டிப் பின் எதையும் விட்டுக் குத்தாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே காசு இல்லை. "அடைச்ச இடத்துல சோறு சிக்குது, பாருங்க டொக்டர்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அநேகமாகப் பிதுங்கியதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். முடியாவிட்டால் திரும்ப அடைக்கலாம்.

அந்தத் தங்கச்சிக்கு ஒரு நாள் பேர் போனது உண்மைதான். ஆனால் பல் மிஞ்சியது. இப்போது அதே பல்லால்தான் ரொட்டி கடிக்கிறார். பிடுங்கிய கடைவாய்ப் பல் திரும்ப முளைக்காது என்பதை மறக்காதீர்கள்.