கண்டனமா, நிந்தாவா?

வங்காளத்தில் குடியேறிய நமக்கு வங்கமொழி பாதி புரிந்துவிடுகிறது. இரு மொழிகளிலும் கலந்துள்ள வடசொற்களே காரணம். ஆனால் தெரிந்த சொல்லே சில வேளை காலை வாரிவிடும். எனக்கு நேர்ந்ததையே இம்முறை பாடமாகத் தருகிறேன்.

எங்கள் குடியிருப்பில், கதவைத் திறக்கத் தாமதமானதற்காக ஒருவர் வயதான காவலாளியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். மற்றவர்கள் கூடித் தீர்மானம் எழுதினோம். ஆங்கில வரைவில் 'டினவுன்ஸ்' என்று இருந்தது. அதை வங்கமொழியில் எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். 'நிந்தா' என்ற சொல் நினைவுக்கு வந்தது. தெய்வ நிந்தனை, வசை என்றெல்லாம் நம் காதில் ஒலிப்பதால் அதை விட்டுவிட்டு, நம் 'கண்டனம்' இருக்கிறதே என்று, "ஆம்ரா எய் கொட்டோனா கொண்டோன் கொர்ச்சி" என எழுதினேன்.

வாசிக்கக் கேட்ட காவலாளியின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால், என்னை யாரும் அடிக்கவில்லை என்கிறீர்களா, பாபு?" என்றார்.

வங்கமொழியில் 'கொண்டோன்' என்றால் மறுப்பது, பொய்யென நிறுவுவது. வடமொழியில் 'கண்ட' என்பது துண்டு; 'கண்டதுண்டமாக' என்று நாமும் சொல்கிறோம். எதிராளியின் வாதத்தைத் துண்டாடுவதே கண்டனம். 19ஆம் நூற்றாண்டுத் தமிழிலும் மறுப்பு நூல்களுக்குக் 'கண்டனம்' என்று பெயர் வைத்தார்கள். பின்னர் நாம் பொருளை நகர்த்திக்கொண்டோம்; வங்காளிகள் பழைய பொருளிலேயே நின்றுவிட்டார்கள்.

'டினவுன்ஸ்' என்பது அறிவிப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றைத் தவறென்று பலரறியச் சொல்வதே அதன் பொருள். இதற்குரிய வங்கச் சொற்கள்:

நிந்தா: பொதுவாகக் கண்டிப்பது. 'தீப்ரோ நிந்தா' என்றால் வன்மையான கண்டனம். 'பரநிந்தா' மட்டும் புறங்கூறுதல்.

திக்கார்: இன்னும் கடுமையானது, 'சீ' என்று இகழ்வது.

ப்ரொதிபாத்: எதிர்ப்புத் தெரிவிப்பது. 'ப்ரொதிபாதி' என்று ஒருவரை அழைத்தால், நம்மூர் நீதிமன்றப் பிரதிவாதி என்று எண்ணிவிடாதீர்கள். அநீதியை எதிர்ப்பவர் என்று பாராட்டுகிறார்கள்.

'டினவுன்ஸ்' வேறு, அதன் உடன்பிறப்பான 'ரினவுன்ஸ்' வேறு. பின்னது துறப்பது, வங்கமொழியில் 'த்யாக்'. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின், 1919 மே இறுதியில் ரவீந்திரநாத் தாகூர் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதம் இரண்டையும் செய்தது: அரசின் கொடுமையைக் கண்டித்தது; 1915இல் பெற்ற 'சர்' பட்டத்தையும் துறந்தது.

எங்கள் தீர்மானத்தை, "ஆம்ரா எய் கொட்டோனார் தீப்ரோ நிந்தா கொர்ச்சி" என்று திருத்தினேன். அந்தப் பெரியவரிடம் மீண்டும் வாசித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே கையெழுத்திட்டேன். வாசகர்களும் வங்கமொழியில் கடிதம் எழுதினால், அனுப்புமுன் அண்டை வீட்டு வங்காளியிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். தெரிந்த சொற்களுக்குத்தான் இது முக்கியமாக வேண்டும்.