பிள்ளை யார் பொறுப்பில்?

கிறிஸ்தவப் பெற்றோர்களே! இந்த வாரப் பாடத்துக்கு அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 2-ம் அதிகாரத்தைத் திறந்து, 41-ம் வசனம் முதல் கடைசிவரைக்கும் வீட்டார் எல்லாரும் கேட்க ஒருவர் வாசியுங்கள். பாஸ்குத் திருநாள் முடிந்து கூட்டம் ஊர் திரும்புகிறது. சேசுபாலனுக்கு வயது பன்னிரண்டு. கூட்டத்தோடுதான் வருகிறார் என்று எண்ணி, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். பிறகு உறவின்முறையாரிடத்தில் தேடினார்கள், அறிமுகமானவர்களிடத்தில் தேடினார்கள். மூன்றாம் நாள்தான் தேவாலயத்தில் கண்டார்கள்.

இதில் மாதாவின் மேலாவது சூசையப்பர் மேலாவது குற்றம் சொல்ல நமக்கு இடமில்லை. பிள்ளைகளை உறவினரோடும் ஊராரோடும் நடக்க விடுவது அக்காலத்து வழக்கம், நல்ல வழக்கமும்கூட. வேலைக்குப் போகிற தாய் பிள்ளையைப் பிறர் கையில் ஒப்புவிப்பதே தவறு என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அவர்கள் இந்த அதிகாரத்தை ஆற அமர வாசிக்க வேண்டும். திருக்குடும்பமும் பிறர் கையை நம்பியே வழி நடந்தது. நாம் இங்கே படித்துக்கொள்ள வேண்டியது வேறு. பிள்ளை கூட்டத்தில் எங்கோ இருக்கிறது என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கையில், இன்னார் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லாமற்போகலாம்.

நம் பங்கின் காரியத்துக்கு வருவோம். ஆயத்த ஆடை ஆலைக்குப் போகிற தாய்மாருக்குக் கம்பெனி வேன் ஆறரை மணிக்கே தெருமுனையில் வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டு ஏழு மணிக்குத் தொடங்குகிறது. நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாளோ அதற்கும் முன்பே புறப்பட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்து மணி அடிப்பதோ ஒன்பது மணி சுமாருக்கு. இடையிலுள்ள இரண்டு மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டால், "பாட்டி பார்த்துக்கொள்வார்கள்", "பக்கத்து வீட்டில் இருப்பான்", "அக்காள் இருக்கிறாளே" என்று பதில் வருகிறது. இந்த மூன்றையும் சற்றுச் சோதித்துப் பார்ப்பதுதான் இன்றைய பாடம்.

அதற்கு முன் ஒரு பழைய சரித்திரம். 1844-ம் ஆண்டில் பாரீஸ் பட்டணத்தில் பீர்மேன் மார்போ என்ற கத்தோலிக்க இல்லறத்தார் ஒருவர் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளைப் பார்வையிட்டு வந்தார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருந்தது. அதற்கும் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. கைக்குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை, தாய் கூலிக்குப் போனால் அவை எங்கே போகும் என்று கேட்பாரும் இல்லை. அந்த இடைவெளியைக் கண்டு அவர் அதே ஆண்டு ஒரு காப்பகம் திறந்தார். அதற்கு அவர் இட்ட பிரெஞ்சுப் பெயருக்குத் தீவனத்தொட்டி என்று பொருள். பெத்லெகேமில் பாலன் கிடந்த தொட்டிதான் அது. இன்று ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் 'கிரெச்' என்று வழங்குவது அந்தச் சொல்லே. எத்தனை பேர் இதை அறிந்து சொல்லுகிறார்களோ!

மார்போ கண்ட இடைவெளியை இப்போது சட்டம் ஓரளவு அடைத்திருக்கிறது. பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கும்படி 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் திருத்தம் சொன்னது. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்லுகிறது. 1975-ல் தொடங்கிய திட்டத்தின்படி ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கே. ஆறு வயதிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளையின் காலை ஏழு மணியும் விடுமுறை நாளும் இன்னும் ஒருவர் கணக்கிலும் இல்லை.

அரசாங்கத்தின் காலை உணவுத் திட்டம் ஒன்று இங்கே உதவிக்கு வருகிறது. 2022-ம் ஆண்டு செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023-ல் அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-ல் கிராமங்களிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் பட்டணங்களிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. நம் சபைப் பள்ளிகளில் பல இந்தக் கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவை. முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கிற பிள்ளைக்கு மணி அடிக்குமுன் பள்ளியிலேயே சூடாக உணவு கிடைக்கிறது. ஆகையால் பள்ளி வாசற்கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, அந்நேரம் பொறுப்பான ஆள் யார் உள்ளே இருக்கிறார் என்று தலைமையாசிரியரிடம் நேரிற் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளையை இறக்கிவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது.

இனி, பாட்டி. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கும் ஆனந்தம்தான். ஆனால் அவர்களைக் கேட்டீர்களா? முழங்கால் வலியோடு எட்டு வயதுப் பையன் பின்னால் மாடிப்படி ஏறச் சொல்வது பெற்ற தாய்க்குச் செய்கிற மரியாதையல்ல. 2021-ம் ஆண்டு முதல் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை பாட்டன் பாட்டிமாருக்கென்று ஒதுக்கியிருக்கிறது, அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் திருநாளை ஒட்டி வருகிற நாள் அது. அன்றைக்கு மாலை போட்டால் போதாது. எந்த நாள் முடியும், எந்த நாள் முடியாது என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, முடியாத நாளுக்கு வேறு வழி தேடுங்கள்.

அக்காள் காரியம் இதைவிடக் கனமானது. யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தில் குழந்தை மோயீசனை நாணற்கூடையில் வைத்து ஆற்றோரத்தில் விட்டபோது, அவன் தமக்கை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்திருந்து ஓடிப்போய்த் தாயை அழைத்துவந்தது அவள் செய்த வேலை. பிள்ளையை வளர்க்கிற வேலை தாயிடமே வந்து சேர்ந்தது. தம்பிக்குச் சட்டை மாட்டி, ஐந்து நிமிஷம் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போவது அக்காளுக்கு அழகு. தம்பிக்குக் காய்ச்சல் என்றும், அவன் வகுப்புக்கு விடுமுறை என்றும், ஏழாம் வகுப்புப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது அநியாயம். ஒருநாள்தானே என்று தொடங்குவது மாதத்தில் நாலு நாளாகும், பாடம் பின்தங்கும், பிறகு அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாமே சொல்லுவோம். ஆண்பிள்ளையை இப்படி நிறுத்துகிற வீடு எத்தனை இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டம்மாள்தான் அநேகருக்கு உள்ளபடியான துணை. அந்த அதிகாரத்திலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். பாரவோன் மகள் பிள்ளையை வளர்க்கக் கொடுக்கும்போதே சம்பளமும் பேசினாள். அரசகுமாரி பேசிய காரியத்தை நாம் பேசக் கூச்சப்படுகிறோம்! "நம்ம அக்காதானே, என்ன நினைத்துக்கொள்வார்களோ" என்று திருநாளுக்கு ஒரு புடவையோடு நிறுத்திவிடுகிறோம். கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கி முறையிடுகிற பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்தவர்கள் நாம். தினம் இரண்டு மணி நேரம் பிள்ளையை வைத்திருந்து தோசை வார்த்துக் கொடுக்கிறவருக்கு மாதம் இவ்வளவு என்று பேசி, தேதி தவறாமல் கொடுங்கள். கொடுத்தால், எத்தனை மணிக்குப் பிள்ளை வந்தான், எத்தனை மணிக்குப் புறப்பட்டான் என்று கேட்கவும் உங்களுக்கு வாய் இருக்கும். அவர் ஊருக்குப் போகும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் அவருக்குக் கடமை இருக்கும்.

பிள்ளையை விடுகிற வீட்டில் வேறு யார் யார் வந்துபோகிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். கேட்க மனம் வராத கேள்விதான், கேட்டே ஆகவேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கெடுதி செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்நியர் அல்ல, தெரிந்தவர்களே. உடம்பைத் தொட்டு, சொல்லாதே என்று யார் சொன்னாலும் அன்றைக்கே அம்மா அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குக் கற்பியுங்கள். சொன்னால் நம்புங்கள். 2012-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மானம் போகும் என்று மறைப்பதும் குற்றம். 1098 என்ற எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம். நம் கோவில் வளாகமும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல.

"தகப்பன் வீட்டில் இருக்கிறாரே" என்றும் சிலர் சொல்லுவார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்குகிற தகப்பன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தகப்பன் அல்ல. ஒன்று, பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை விழித்திருக்க வேண்டும்; அல்லது பிள்ளையை இன்னொருவரிடம் ஒப்புவித்துவிட்டு உறங்க வேண்டும். தேவாலயத்தில் பாலனைக் கண்டபோது மாதா தம் மனக்கஷ்டத்தை மட்டும் சொல்லவில்லை. சூசையப்பரையும் சேர்த்தே சொன்னார்கள். தேடுகிற பொறுப்பு இருவருக்கும் இருந்தது.

விடுமுறை நாட்கள்தான் இன்னும் சிக்கலானவை. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளாவது முன்னமே தெரியும். அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டி வருகிறது. ஜவுளிக்கடையில் நிற்கிற தாய்க்கு அப்போதுதான் லீவு கேட்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலெக்டர் விடுகிற விடுமுறையோ சில நாள் முந்திய இரவில் தெரியும், சில நாள் விடிந்த பிறகுதான் தெரியும். வேன் வந்து நிற்க அரைமணி இருக்கையில் தாய் என்ன செய்வாள்? சம்பளத்தை விட்டுவிட்டு நிற்பாள். அல்லது வெளியே பூட்டிக்கொண்டு போவாள். உள்ளே காஸ் அடுப்பு இருக்கிறது. பூட்டாமற்போனால் பக்கத்தில் மழைக்கு நிரம்பிய கிணறும் குளமும் இருக்கின்றன.

இதை ஒரு குடும்பம் தனியே தீர்க்க முடியாது. ஓர் அன்பியம் தீர்க்கலாம். ஒரே அன்பியத்தில் ஒருவருக்கு வார லீவு செவ்வாய், மற்றவருக்கு வியாழன், இன்னொருவர் வீட்டிலேயே தையல் தைப்பவர். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் எந்த நாளைக்கும் ஒரு வீடு திறந்திருக்கும்; பிள்ளைகளோடு பெரியவர் இருவர் இருப்பது நல்லது. வேலைக்குப் போகாத ஓர் அம்மாளின் தலையில் எல்லா நாளையும் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் வேலை இருக்கிறது.

ஆகவே அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: காலையில் பிள்ளை யாரிடம், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை; அவர் வராத நாளில் யாரிடம்; பிள்ளையை அழைத்துப்போக வரக்கூடியவர்கள் யார் யார்; உங்களுக்கு எந்த நாள் ஓய்வு. கடைசி வரியில், மழை விடுமுறை என்று காலை ஆறு மணிக்குத் தெரிந்தால் முதலில் யாருக்கு டெலிபோன் செய்வீர்கள் என்று எழுதுங்கள். அந்த வரி காலியாயிருக்கிற வீடுகளை எடுத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கலாம்.