கூட்டத்தை ஆராயும் பேராசிரியர்

கேள்வி: எம்.சி.ஏ. முடித்திருக்கிறேன். பலர் சேர்ந்து கணினி வழியாக முடிவெடுப்பதை ஆராய்ந்தே ஒருவர் பேராசிரியராக முடியுமா?
– வாசகர், வடலூர்

பதில்: தாராளமாக. வி. சாம்பமூர்த்தியைப் பாருங்கள். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் பொறியியல், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் நிர்வாகம், பிறகு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

1980களில் அங்கே ஜெரார்டின் டிசாங்க்டிஸ் என்ற பேராசிரியை, குழு முடிவுகளுக்கான கணினி முறைகளை ஆராய்ந்துவந்தார். ஓர் அறை, ஆளுக்கொரு கணினி, பொதுவாக ஒரு பெரிய திரை. பெயர் போடாமல் கருத்தைத் தட்டச்சு செய்யலாம். மேலதிகாரி முறைப்பாரே என்ற பயமில்லை, பேச முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். (நம் அலுவலகங்களுக்கு இன்றும் இது தேவை!) ஆனால் கருத்தைக் கொட்டவிட்டால் மட்டும் போதாது. கருத்தொற்றுமைக்கு வழிகாட்டும் வசதிகளும் இருந்தால்தான் குழு தன் முரண்பாடுகளை நன்றாகக் கையாள்கிறது என்று 1992இல் மார்ஷல் ஸ்காட் பூல் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் காட்டினார் சாம்பமூர்த்தி. பின்னர் நிறுவனங்களும் தொழில்நுட்பமும் என்று ஆய்வை விரித்து, விஸ்கான்சின் வணிகப் பள்ளியின் டீன் ஆனார்.

எம்.சி.ஏ. நல்ல அடித்தளம்தான். ஆனால் இந்தத் துறை பாதி உளவியல், பாதி கணினி. புள்ளியியலையும் சோதனை வடிவமைப்பையும் கூடுதலாகப் படியுங்கள். ஆய்வுக்களம் தேடி அமெரிக்கா போகவேண்டாம். பக்கத்து நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது தகவல் எப்படிக் கைமாறுகிறது என்பதே முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.