ஏ.பி.ஐ. வினாக்களைக் கணக்கெடுத்து ஆராய்தல்

ஒரு கணினி நிரல் மற்றொரு நிரலிடம் செய்தி கேட்டுப் பெறுவதற்கென வகுக்கப்பட்ட வாயிலே ஏ.பி.ஐ. எனப்படுகிறது. (பெயரைத் தமிழாக்குவதினும் பொருளை விளக்குதல் எளிதாதலின், பெயரை அவ்வாறே கொண்டோம்.) இவ்வாயிலுக்கு வரும் ஒவ்வொரு வினாவையும் கேட்ட நிரல் எது, கேட்டது என்ன, கேட்ட நேரம், விடையளிக்க ஆன காலம், விடையின் நிலைக் குறியெண் ஆகியவற்றைப் பதிவேட்டில் தானே பதியுமாறு அமைக்கலாம். அப்பதிவேட்டைப் படிக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

மொத்த எண்ணிக்கை மட்டும் உண்மையைக் கூறாது. ஒரு நாளில் பத்து லட்சம் வினாக்கள் வந்தன என்று கொள்வோம். பத்து லட்சம் பேர் ஒவ்வொரு முறை கேட்டிருக்கலாம். ஒரே நிரல் பத்து லட்சம் முறை கேட்டிருத்தலும் கூடும். முன்னது பயன்பாடு, பின்னது பெரும்பாலும் பழுது.

2025 ஏப்ரல் 12ஆம் நாள் யு.பி.ஐ. வழியே பணம் செலுத்துதல் நாடெங்கும் பல மணி நேரம் தடைப்பட்டது. கைப்பேசியையே நம்பிக் கடைக்குச் சென்றோர் பொருளைத் திருப்பி வைக்க நேர்ந்தது. காரணத்தை ஆராய்ந்தபொழுது, செலுத்திய தொகை சேர்ந்ததா என்று நிலை வினவும் ஏ.பி.ஐ.யில் சில வங்கிகளிலிருந்து வினாக்கள் வெள்ளம்போல் குவிந்தமை வெளிப்பட்டது. இத்தகைய பழுது தன்னைத் தானே வளர்த்துக் கொள்வது. விடை தாமதித்தால் நிரல் மீண்டும் கேட்கிறது. அதனால் சுமை ஏறுகிறது. சுமையால் விடை மேலும் தாமதிக்கிறது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை கேட்கும் நிரல், ஒரே செலுத்துகைக்கு நிமிடத்தில் 12 வினாக்களை எழுப்பிவிடும். ஆதலின் பதிவேட்டைச் செலுத்துகை எண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாக்கள், எவ்வளவு இடைவெளியில் வந்தன என்று எண்ணுதல் வேண்டும்.

யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் அம்மாதத்திலேயே விதித்த வரம்பும் இவ்விரண்டையே பற்றியது: முதல் நிலை வினா 90 வினாடி கழிந்த பின்னரே எழலாம், மொத்தம் மூன்று வினாக்களுக்கு மேற்படலாகாது. 2025 ஆகஸ்டு 1 முதல், வாடிக்கையாளர் ஒருவர் ஒரு செயலியில் இருப்புத் தொகை காண்பதும் நாளொன்றுக்கு 50 முறை என வரையறுக்கப்பட்டது.

வரம்பு விதித்தபின் பதிவேட்டில் காணவேண்டியது பிறிதொன்று. இணைய நெறியில் 429 என்னும் குறியெண், 'அளவுக்கு மீறிக் கேட்கின்றீர்' என்று பொருள்படும். அதனைப் பெற்ற நிரல் வேகத்தைக் குறைத்ததா, அன்றி முன்போலவே தட்டிக் கொண்டிருக்கின்றதா என்று நோக்குக. குறைக்காத நிரலை எழுதியவர்க்கு உடனே தெரிவித்தல் வேண்டும். பெரும்பாலும் அவர் தம் நிரலின் செய்கையை அறியாதவராகவே இருப்பார்.

சராசரி விடைக்காலம் நம்பத்தக்கதன்று. நூறு வினாக்களில் 95க்கு 0.1 வினாடியிலும், 5க்குப் பத்து வினாடியிலும் விடை கிடைத்தால் சராசரி 0.6 வினாடிக்கும் குறைவே. ஆயினும் ஐவர் பத்து வினாடி காத்திருந்தனர். மீண்டும் மீண்டும் கேட்கத் தொடங்குவனவும் அவர்தம் நிரல்களே. விடைக்காலங்களை ஏறுவரிசையில் அடுக்கிக் கடைசிப் பகுதியைத் தனியே காண்பதே முறை.

கடவுச்சொல், கணக்கு எண் போன்றவற்றைப் பதிவேட்டில் எழுதலாகாது. வினாவை எண்ணுதற்கு அவை வேண்டுவதில்லை.